வீட்டில் செய்யும் சைக்கிள் ரோலரில் முன் உருளைக்கு ஏன் பெல்ட் போட வேண்டும்?

ரோலர் என்பது நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க, ஒரு சட்டத்தில் பொருத்திய மூன்று உருளைகள். பின் சக்கரத்துக்குக் கீழே இரண்டு, முன் சக்கரத்துக்குக் கீழே ஒன்று. சைக்கிளை எதனோடும் பிணைக்காமல் உருளைகள் மேலேயே ஏறி மிதிக்க வேண்டியதுதான்.

நாம் மிதிப்பது பின் சக்கரத்தை மட்டுமே சுழற்றும். அந்தச் சுழற்சியை நடு உருளையிலிருந்து முன் உருளைக்குக் கொண்டுபோவதுதான் பெல்ட்டின் வேலை. முன் சக்கரம் உருண்டால்தான், ஹேண்டிலை லேசாகத் திருப்பும்போது டயர் பக்கவாட்டில் நகர்ந்து, சாயும் உடம்புக்குக் கீழே வந்து நிற்கும். உள்ளங்கையில் துடைப்பக் குச்சியை நிறுத்தும்போது அது சாயும் பக்கமே கை போகிறதே, அதேதான். பெல்ட் அறுந்தால் முன் சக்கரம் நின்றுவிடும். அப்புறம் ஹேண்டிலைத் திருப்பிப் பயனில்லை.

பெல்ட்டைவிட அதிகம் படுத்துவது உருளைதான். உருளையாகப் போடும் 110 மி.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 24 முறை சுற்றும். முனைகளில் அடைக்கும் மரவட்டின் துளை மையத்திலிருந்து ஒரு மி.மீ. விலகினாலும் சட்டமே அதிரும். பேரிங் வாங்குவதில் காட்டும் அக்கறையை மையம் பிடிப்பதிலும் காட்டுங்கள்.

சக்கரம் வேகமாகச் சுழல்வதே சைக்கிளை விழாமல் பிடித்துக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஹேண்டிலை அசையவிடாமல் இறுகக் கட்டிவிட்டால், சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் சைக்கிள் சாய்ந்துவிடும்.