கேள்வி – பதில்: தலைவர்கள் அனுப்பிய தந்திகள்

கேள்வி (வாசகி, சாட்ஸ்வொர்த்): கோகலேவுக்குக் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து அனுப்பிய தந்திகளை அண்மையில் படித்தேன். தாம் குருவாகப் போற்றியவருக்கு இவ்வளவு கறாராக எழுதியிருக்கிறாரே, இருவருக்கும் மனக்கசப்பு ஏதும் இருந்ததா?

பதில்: மனக்கசப்பு இல்லை, ஆனால் 1913 டிசம்பரில் ஆழமான கருத்து வேறுபாடு இருந்தது. கடல் கடந்து போகும் தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம் என்பதால், கடிதத்தில் தவறாமல் இடம்பெறும் வணக்கமும் நலவிசாரிப்பும் அதில் இடம்பெறாமல் போயின. டர்பனில் கொடுத்த செய்தி மொசாம்பிக், சான்சிபார், ஏடன் வழியாகக் கடலடிக் கம்பிகளில் பம்பாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கம்பி டர்பனுக்கு வந்தது 1879-இன் பிற்பகுதியில்தான். அதே ஆண்டு ஜனவரி 22-இல் சூலுக்கள் பிரிட்டிஷ் படையை வென்ற இசாண்டில்வானா போரின் செய்தி லண்டனை எட்ட ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின என்பதை நினைத்துப் பார்த்தால், எவ்வளவு செலவானாலும் போராட்டக்காரர்கள் தந்தியையே நம்பியது ஏன் என்பது விளங்கும்.

இனி அந்த டிசம்பர் மாதத்துக்கு வருவோம். ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருந்த மூன்று பவுன் வரியை எதிர்த்து நேட்டால் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அவர்களில் பெரும் பகுதியினரான நம் தமிழர்கள், வேலையை நிறுத்தியிருந்தார்கள். அதை விசாரிக்க அரசாங்கம் சாலமன் கமிஷனை அமைத்தது. இந்தியர்களைக் கலந்துகொள்ளாமல், இந்தியருக்கு எதிரானவர்கள் என்று பெயரெடுத்த எஸ்ஸலன், வைலி இருவரையும் அதில் உறுப்பினராக்கியது. சிறையிலிருந்து விடுதலையான காந்தி, கமிஷனின் அமைப்பு மாறாவிட்டால் அதன் முன் சாட்சி சொல்வதில்லை என்ற முடிவுக்கு வந்தார். சமூகமும் அவ்வாறே உறுதி பூண்டது. வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபு நவம்பரில் சென்னையில் இந்தியர் பக்கம் நின்று வெளிப்படையாகப் பேசியிருந்த நிலையில், கமிஷனைப் பகிஷ்கரித்தால் அவருக்குச் சங்கடம் நேரும் என்று கோகலே கவலைப்பட்டார். உடல் நலம் குன்றியிருந்தபோதும், பகிஷ்காரம் வேண்டாம் என்று அவர் தந்தி அனுப்பினார். கொடுத்த வாக்கை மீற முடியாது என்று காந்தி இங்கிருந்து பதில் அனுப்பினார்.

இந்தப் பரிமாற்றத்தை நான் மிகுந்த மரியாதையோடுதான் படிக்கிறேன். குருவின் சொல்லைத் தட்ட வேண்டிய வேதனையை விளக்கி எழுதத் தந்தியில் இடமில்லை. ஆனாலும் முடிவை மழுப்பாமல் சொல்லியிருக்கிறார். கோகலேயும் அதனால் கைவிட்டுவிடவில்லை. அவர் அனுப்பிவைத்த ஆங்கிலப் பாதிரியார் ஆண்ட்ரூஸும் அவர் தோழர் பியர்சனும் 1914 ஜனவரி 2-இல் டர்பன் வந்து இறங்கினார்கள். காந்தியும் அவர் தரப்பினரும் சாட்சி சொல்லாத அதே கமிஷன் மூன்று பவுன் வரியை நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. அவ்வாண்டே சட்டமும் வந்தது. ஆகவே இந்தத் தந்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்காமல், தேதி வரிசையில், மறுதரப்பின் பதிலையும் அதே வாரங்களில் எழுதிய கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி (வாசகர், பிரிட்டோரியா): ஒரே ஒரு தந்தி இந்நாட்டு அரசியலைத் திருப்பியதுண்டா?

பதில்: உடனே பலித்த தந்தி ஒன்றும் பெரும் வினையை விளைவித்த தந்தி ஒன்றும் உண்டு. 1894-இல் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா நேட்டால் சட்டசபையில் இருந்தபோது, டர்பன் வணிகர் தாதா அப்துல்லா வீட்டில் கூடியவர்கள் முதலில் செய்த காரியம், விவாதத்தைத் தள்ளிவைக்கக் கோரிச் சபாநாயகருக்குத் தந்தி அடித்ததுதான். பிரதமர் ராபின்சனுக்கும் அட்டர்னி ஜெனரல் எஸ்கோம்புக்கும் அவ்வாறே தந்திகள் போயின. இரண்டு நாள் தள்ளிவைப்பதாகச் சபாநாயகரிடமிருந்து உடனே பதில் வந்தது. அந்த அவகாசத்தில் விண்ணப்பம் எழுதிப் பிரதிகள் எடுத்தார்கள். வணிகர்கள் சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் போய்க் கையெழுத்து வாங்கி வந்தார்கள். மசோதா நிறைவேறிவிட்டது உண்மைதான். ஆனால் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் அவ்வாண்டே பிறந்ததற்கு அந்த இரண்டு நாள் உழைப்பே வித்து என்பது என் கருத்து.

மற்றது உங்கள் ஊர் சம்பந்தப்பட்டது. பிரிட்டோரியாவைத் தலைநகராகக் கொண்டிருந்த டிரான்ஸ்வால் குடியரசின் மீது பிரிட்டிஷ் தரப்பைச் சேர்ந்த ஜேம்சன் படையெடுத்து வந்தபோது அவருடைய ஆட்கள் கேப் டவுனுக்குப் போகும் தந்திக் கம்பியை அறுத்தார்கள். பிரிட்டோரியாவுக்குப் போகும் கம்பியை அறுக்கத் தவறியதால் குடியரசுத் தலைவர் குரூகருக்குச் செய்தி போய்க்கொண்டே இருந்தது. 1896 ஜனவரி 2-இல் ஜேம்சன் சரணடைந்தார். மறுநாள் ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம், நட்பு நாடுகளின் உதவியை நாடாமலே நாட்டின் சுதந்திரத்தைக் காத்தமைக்காகக் குரூகருக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார். தேவைப்பட்டால் ஜெர்மனி உதவியிருக்கும் என்று அதற்குப் பொருள் கொண்ட பிரிட்டிஷ் மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனால் 1899-இல் பிரிட்டனுடன் மூண்ட போரில் குரூகருக்கு ஜெர்மானியப் படை எதுவும் வரவில்லை.

கேள்வி (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்): இந்தியா திரும்பிய பிறகும் காந்தி இங்குள்ள தலைவர்களுக்குத் தந்தி அனுப்பினாரா?

பதில்: அனுப்பினார். 1946-இல் இந்தியரின் நிலவுரிமையைக் கட்டுப்படுத்தும் மசோதாவைக் கைவிடுமாறு தம் பழைய எதிராளியான பிரதமர் ஸ்மட்ஸுக்கே தந்தி அடித்தார். ஸ்மட்ஸ் இணங்கவில்லை. சட்டம் நிறைவேறியது, டாக்டர் மான்டி நாயக்கரும் டாக்டர் யூசுப் தாதூவும் தலைமை தாங்க, ஜூன் 13-இல் டர்பனில் சாத்விக எதிர்ப்புப் போராட்டம் தொடங்கியது.