ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை: பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்களே, நம்பலாமா?

நீங்கள் சொன்னது இதுதான்: 2012-இல் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி, எச்61 வகை மதர்போர்டு, டிடிஆர்3 ரேம் இரண்டு. எட்டு மாதம் பூட்டிய வீட்டில் கிடந்தது. இப்போது ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது. கடையில் "போர்டு போயிடுச்சு, புதுசா வாங்கிடுங்க" என்கிறார்கள். அப்பாவின் கடைக் கணக்கு முழுக்க அதற்குள் இருக்கிறது.

போர்டு போயிருக்கலாம்தான். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் கடைக்காரர் ரேமைக் கழற்றிப் பார்த்தாரா என்று கேட்டீர்களா? பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்.

முதலில் ஒரு சின்ன சோதனை. கணினியை ஆன் செய்து ஒரு நிமிடம் விட்டு, கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) பட்டனைத் தட்டுங்கள். அந்தக் குட்டி விளக்கு அணைந்து எரிந்தால் கணினி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. கோளாறு பெரும்பாலும் மானிட்டரிலோ கேபிளிலோ இருக்கிறது. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால், மானிட்டர் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். இதைக் கவனிக்காமல் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சர்வீஸுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விளக்கு அசையவே இல்லையா? சரி, பெட்டியைத் திறக்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்தாறு நொடி அழுத்திப் பிடியுங்கள்; மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் அதன் உள்ளே ஆளை அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

இனி முக்கியமான சோதனை. போர்டின் ஓரத்தில் ஸ்பீக்கர் என்று எழுதிய நான்கு பின் இருக்கும். அதில் சின்ன பஸ்ஸர் ஒன்றைச் செருகுங்கள். பல கேபினட்டுகளில் இது இருப்பதே இல்லை, தனியாக வாங்க வேண்டும். இரண்டு ரேமையும் கழற்றி வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். பஸ்ஸர் விட்டு விட்டுக் கத்தினால் சந்தோஷப்படலாம். புராசஸர் விழித்து, பயாஸை (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) படித்து, ரேம் எங்கே என்று தேடி, கிடைக்காமல்தான் கத்துகிறது. செத்த போர்டு கத்தாது.

கத்தினால் அடுத்து ரேம்தான். எட்டு மாதம் மூடிய வீட்டின் ஈரத்தில் தங்க நிறப் பட்டைகள் மங்கியிருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் இருபுறமும் மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் தூளைக் காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள், தூள் ஸ்லாட்டுக்குள் போனால் தலைவலி. விரலால் பட்டையைத் தொடாதீர்கள். பிறகு ஒரே ஒரு ரேமை மட்டும், கிளிப் 'டக்'கென்று விழும்வரை அழுத்திச் செருகி ஆன் செய்யுங்கள். இரண்டு ரேம், இரண்டு ஸ்லாட், மொத்தம் நான்கு முறை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் நான் பார்த்த 'போர்டு போச்சு' கேஸ்களில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்தது.

ரேம் இல்லாமலும் கத்தவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்படுங்கள். ஃபேன் சுற்றுவதால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மின்னழுத்தம் எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று சாம்பல் நிற ஒயர் வழியாக அது போர்டுக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சேதி வரும்வரை புராசஸர் வேலையைத் தொடங்காது, ஃபேன் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தால், கணினி ஆனில் இருக்கும்போது மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும் வரவேண்டும். தெரியாது என்றால் நண்பர் வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கிச் செருகிப் பாருங்கள். புராசஸருக்குப் பக்கத்தில் செருகும் நான்கு பின் 12 வோல்ட் கனெக்டரை மறந்துவிட வேண்டாம், அது இல்லாமலும் இதே அறிகுறிதான் வரும்.

அப்புறம் போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி. மின்சாரம் இல்லாதபோது கணினியின் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பது அதுதான். இதில் நான் ஒரு பெரிய தப்பு செய்திருக்கிறேன், அதைச் சொல்லியாக வேண்டும்.

நாகப்பட்டினத்தில் என் மாமா டிடிபி சென்டர் வைத்திருந்தார். அவருடையதும் உங்களுடையது மாதிரி எச்61 போர்டுதான். 2018-இல் ஒரு நாள் போன் செய்து, "மாப்ள, ஏதோ எஃப்1 அமுக்கச் சொல்லி நிக்குதுடா" என்றார். போய்ப் பார்த்தால் பயாஸில் தேதி 2009. பேட்டரியை அளந்தேன்: 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.1. மாமா தினமும் ராத்திரி சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கடையைப் பூட்டுவார். சுவிட்ச் போட்டிருந்தால் கடிகாரம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அணைத்துவிட்டால் முழுச் சுமையும் அந்தப் பட்டன் பேட்டரிக்கு. நம் வீடுகளில் எல்லாரும் இப்படித்தானே.

வாட்ச் கடையில் சிஆர்2032 வாங்கிப் போட்டேன். விண்டோஸ் லோகோ வந்தது, நீலத் திரை ஒரு நொடி மின்னியது, ரீஸ்டார்ட் ஆனது. மறுபடியும் அதே கதை. விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நானே முடிவு கட்டி, சி டிரைவை ஃபார்மேட் செய்தேன். இரண்டு வருஷக் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் டெஸ்க்டாப் திரையில், அதாவது அதே சி டிரைவில், இருந்தன. மாமா ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கி வரச் சொன்னார்.

சில மாதம் கழித்து ஆபீஸில் இதே நீலத் திரை வந்தபோது சீனியர் ஒருவர் பயாஸுக்குள் போய் ஒரே ஒரு வரியை மாற்றினார். பேட்டரி செத்ததும் பயாஸ் பழைய இயல்பு நிலைக்குத் திரும்பி, சாட்டா அமைப்பு, அதாவது ஹார்டு டிஸ்க்கோடு கணினி பேசும் முறை, ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறிவிட்டிருந்தது. ஏஹெச்சிஐ-யில் நிறுவிய விண்டோஸ் 7-க்கு ஐடிஇ-யில் டிஸ்க்கைப் படிக்கத் தெரியாது. நீலத் திரையில் 7பி என்று முடியும் எண் தெரிந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஆக, உங்கள் கணினியில் பேட்டரி மாற்றிய பிறகு நீலத் திரை வந்தால், யார் என்ன சொன்னாலும் ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் போர்டு போனதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் அப்பாவின் கணக்கு ஹார்டு டிஸ்க்கில் பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். டிஸ்க்கைக் கழற்றி, சாட்டாவிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் கேபிளால் வேறு கணினியில் இணையுங்கள். டெஸ்க்டாப் டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் உள்ள கேபிள் வேண்டும், லேப்டாப் டிஸ்க்குக்கான மெல்லிய கேபிளில் அது சுற்றவே சுற்றாது. 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இன்று ராத்திரி ரேமைக் கழற்றி ஆன் செய்து பாருங்கள். பஸ்ஸர் கத்தியதா, எத்தனை முறை, நீளமாகவா சின்னதாகவா என்று எழுதினால் அடுத்ததைச் சொல்கிறேன்.