புரதம் போய்ச் சேரும் இடம்: வாசகர் கேள்விகள்

செல்லுக்குள் உருவாகும் புரதத்துக்கு, செல் சவ்வுக்குப் போகும் வழி எப்படித் தெரிகிறது?
– ப்ளஸ் டூ மாணவி, தேவகோட்டை

முகவரி அதன் உடம்பிலேயே இருக்கிறது. சவ்வுப் புரதத்தின் சங்கிலியில், தண்ணீரோடு ஒட்டாத சுமார் 20 அமினோ அமிலங்கள் (அந்தச் சங்கிலியின் கண்ணிகள்) அடுத்தடுத்து வரும். புரதத்தை உருவாக்கும் ரைபோசோமிலிருந்து அந்தப் பகுதி தலைநீட்டியதுமே ஒரு துகள் அதைப் பிடித்து, ரைபோசோமையும் சேர்த்து செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலைக்கு இழுத்துப்போகும். மீதிச் சங்கிலி அங்கேயே சவ்வில் பதிந்தபடி வளரும். புரதங்களுக்குள் இப்படி முகவரி இருப்பதைக் கண்டறிந்த குந்தர் புளோபெலுக்கு 1999-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அங்கிருந்து நுண்பைகளில் ஏறி கோல்கை உறுப்புக்கு. அங்கே தரம்பிரித்து, அப்புறம் சேர வேண்டிய சவ்வுக்கு.

குடல் செல்லைப் பாருங்கள். நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பதுபோல் அதற்கும் இரண்டு பக்கம். உணவு வரும் பக்கத்தில் எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. இரத்தத்தின் பக்கம் இருக்கும் பம்ப் சோடியத்தை வெளியேற்றுகிறது. பக்கம் மாறிப்போனால் உறிஞ்சலே நடக்காது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் கரைசலில் உப்போடு குளுக்கோஸ் இருப்பதும் எஸ்ஜிஎல்டி1-ஐ நம்பித்தான்.

அப்பத்தாவுக்குச் சர்க்கரை. கவுனி அரிசி சாப்பிட்டால் கொஞ்சம் நடங்கள் என்றால், "அதான் மாத்திரை போடுறேன்ல" என்கிறார். நடந்தால் உண்மையிலேயே பலன் உண்டா?
– கானாடுகாத்தான் வாசகர்

நிச்சயம் உண்டு. தசைச் செல்லுக்குள் குளுக்கோஸை ஏற்றும் குளூட்4 புரதம், சும்மா இருக்கும்போது பெரும்பாலும் உள்ளே நுண்பைகளில் அடைந்து கிடக்கும். இன்சுலின் வந்து வெளியிலுள்ள ஏற்பியைத் தொட்டால், நுண்பைகள் மேலே வந்து சவ்வோடு இணையும். குளுக்கோஸ் உள்ளே போகும். டைப் 2 சர்க்கரை நோயில் இன்சுலினின் தகவல் செல்லுக்குள் சரியாகக் கடத்தப்படுவதில்லை. குளூட்4 இருந்தும் மேலே வருவது குறைகிறது.

நடக்கும்போது தசை சுருங்குகிறது. அந்தச் சுருக்கமே, இன்சுலினை எதிர்பார்க்காமல் வேறு வழியில் குளூட்4-ஐ மேலே அனுப்பும். டைப் 2 உள்ளவர்களிடமும் இந்த வழி பெரும்பாலும் நன்றாகவே இயங்குகிறது. அதனால் சாப்பிட்ட பிறகு வளவைச் சுற்றி மெதுவாக நடந்தாலும் நல்லதுதான் என்று அப்பத்தாவிடம் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தக்கூடாது. இன்சுலின் ஊசி போடுபவரானால், சர்க்கரை தாழ்ந்துபோகாமலிருக்க மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கருப்பரிசி என்பதால் கவுனி சர்க்கரையை ஏற்றாது என்று நம்ப வேண்டாம். நாம் அதில் சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டல்லவா கிளறுகிறோம்!

கோடையில் சிறுநீர் அடர் மஞ்சளாகிறதே?
– புதுவயல் வாசகர்

உடலில் நீர் குறைந்தால் வாசோபிரஸ்ஸின் ஹார்மோன் சுரந்து, சிறுநீரகச் செல்களுக்குள் இருக்கும் அக்வாபோரின்-2 என்ற நீர்வாயில் புரதத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவரும். நீர் உடலுக்குத் திரும்பிவிடுவதால் சிறுநீர் அடர்த்தியாகிறது. தண்ணீர் குடியுங்கள்.

புரதம் ஓரளவு வேலை செய்யும் நிலையில் இருந்தும் நோய் வருமா?
– கல்லூரி மாணவர், பள்ளத்தூர்

வரும். நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் பலரிடம், சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வாயிலில் 508-வது இடத்தில் உள்ள ஒரே ஒரு அமினோ அமிலம் இல்லை. அதனால் புரதம் சரியாக மடிவதில்லை. எண்டோபிளாச வலையின் தரச் சோதனை அதைப் பிடித்து அழித்துவிடுகிறது. மேலே போயிருந்தால் ஓரளவாவது வேலை செய்திருக்கும்! 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு கூட்டு மருந்தின் மூன்று பொருட்களில் இரண்டு, புரதத்தைச் சரியாக மடியவைத்து மேற்பரப்புக்கு அனுப்புகின்றன. மூன்றாவது வாயிலைத் திறந்துவைக்கிறது. நம் ஊர்க் குடும்பங்களுக்கு எட்டாத விலையில் அது இருப்பதுதான் என் பெரிய வருத்தம்.