மென்பொருள் கையேடு எழுத ஆள் எடுப்பது எப்படி?

கோவையில் பல வருடமாகக் கையேடு எழுதியும், எழுத ஆள் எடுத்தும் வருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

திருப்பூரிலிருந்து: பனியன் கம்பெனிகளுக்கு ஈ.ஆர்.பி. (கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள்) செய்து தருகிறோம். மொத்தமே எட்டுப் பேர். புரோகிராமர்களே எழுதினால் ஆகாதுங்களா?

ஏ.பி.ஐ. (வேறு மென்பொருள் உங்களுடையதோடு பேசும் வழி) குறிப்புகளை அவர்களே எழுதட்டும். மற்றதில், செய்தவருக்கு எது புரியாது என்பது தெரியாது. சப்போர்ட்டுக்கு வரும் ஃபோன்களை இரண்டு வாரம் குறித்து வையுங்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் ஆள் தேவை. முதலில் மூன்று மாத ஒப்பந்தம் போதும்.

சரவணம்பட்டியிலிருந்து: இன்டர்வியூவில் எதைப் பார்ப்பது?

பழைய வேலையைக் காட்டு என்று பிடிவாதம் வேண்டாம். பாதிப் பேர் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அரை நாள் வேலை ஒன்று கொடுங்கள், அதற்குக் காசும் கொடுங்கள்.

ஒருமுறை ஜாப் ஒர்க் இன்வார்டு ஸ்கிரீனை (வெளியே வேலைக்கு அனுப்பிய சரக்கு திரும்பி வந்ததும் பதியும் இடம்) இரண்டு பேரிடம் கொடுத்தேன். ஒருவர் ஆறு பக்கம், படத்தோடு, பிழையே இல்லாமல் எழுதினார்: ‘எடையை உள்ளிடவும். சேவ் பட்டனை அழுத்தவும்.’ இன்னொருவர் ஒன்றரைப் பக்கம்தான். ஆனால் கடைசியில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: ‘சாயப்பட்டறைக்கு 500 கிலோ போய் 480 கிலோதான் திரும்பி வந்தால், மீதி 20 கிலோவை எங்கே போடுவது? போடாமல் சேவ் செய்தால் டி.சி. (சரக்கோடு அனுப்பிய டெலிவரி சலான்) மூடுமா?’

புரோகிராமரைக் கூப்பிட்டுக் கேட்டோம். புரொசஸ் லாஸுக்கு, அதாவது வேலையின்போது குறையும் எடைக்கு, அந்த ஸ்கிரீனில் கட்டமே இல்லை! இரண்டாமவரைத்தான் எடுத்தோம். அவருடைய ஆங்கிலத்தில் அங்கங்கே இலக்கணம் இடறும். அதைத் திருத்த ஒரு மணி நேரம் போதும்.

கரூரிலிருந்து: பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாமா?

வேண்டாங்க. அப்படிப் பேசினால் பக்கம்தான் வரும். நானே அந்தக் கணக்கில் 140 பக்கம் எழுதியிருக்கிறேன், பட்டனுக்கு ஒரு படம் வைத்து. அடுத்த வெர்ஷனில் மெனு மாறியது, அத்தனை படமும் குப்பை.

ஈரோட்டிலிருந்து: இதையெல்லாம் ஏ.ஐ. எழுதிவிடாதா?

வரைவு எழுதும், நன்றாகவே எழுதும். அந்த 20 கிலோவைப் பற்றிப் பட்டறை மேஸ்திரியிடம் போய்க் கேட்க ஆள் வேண்டும்.

பல்லடத்திலிருந்து: கையேடு தமிழிலா, ஆங்கிலத்திலா?

யார் படிக்கிறார்கள்? ஸ்டோர்காரர் என்றால் தமிழ். ஆனால் ஸ்கிரீனில் ‘இன்வார்டு’ என்று இருந்தால் கையேட்டிலும் இன்வார்டுதான். ‘உள்வரவுப் பதிவு’ என்று எழுதினால் அவர் அந்தப் பட்டனைத் தேடிக்கொண்டே இருப்பார்.

கோபியிலிருந்து: எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறேன். கோடிங் தெரியாது. என்னை எடுப்பார்களா?

எடுப்பார்கள் அம்மணி. மார்க்டவுன் (எளிய குறிகளால் தலைப்பு, பட்டியல் போடும் முறை) ஒரே நாளில் வந்துவிடும், கிட் (யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கருவி) பழக இரண்டு வாரம் ஆகும். கூகுளின் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள் இலவசம். அப்புறம், ஏதாவது ஓப்பன் சோர்ஸ் (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளை அதன் கையேட்டில் சொன்னபடியே நிறுவிப் பாருங்கள். எந்த வரியில் மாட்டினீர்களோ அந்த வரியைத் திருத்தி அனுப்புங்கள். அந்தத் திருத்தத்தின் லிங்க்கை பயோடேட்டாவில் மேலேயே போடுங்கள்.