அமெரிக்காவோட முதல் பெண் ஃபெடரல் ஜட்ஜ், அதாவது மத்திய அரசு கோர்ட்டோட ஜட்ஜ், யாரு?

நிறைய பேர் ஃப்ளாரன்ஸ் ஆலன் பேரத்தான் சொல்வாங்க. 1934ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவங்கள அப்பீல் கோர்ட்டுக்குப் போட்டார், பெரிய ஆள்தான், மறுக்கல. ஆனா அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே ஜெனிவீவ் க்ளைன்னு ஒரு அம்மா கஸ்டம்ஸ் கோர்ட்ல ஜட்ஜ் ஆயிட்டாங்க. நான் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வேலையில இருக்கறவன், இவங்க பேரு விட்டுப்போறத பாத்தா மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.

ஒஹாயோல வாரன்ங்கற ஊர்ல பொறந்தவங்க. நாப்பது வயசு தாண்டித்தான் லா முடிச்சாங்க, 1921ல. அடுத்த வருஷமே க்ளீவ்லேண்ட் துறைமுகத்துல அப்ரைசர் போஸ்ட் கெடச்சுது. அப்ரைசர்னா சும்மா கையெழுத்து போடற வேலை இல்லீங்க, வந்து இறங்குற சரக்கப் பாத்து இன்வாய்ஸ்ல போட்ட விலை சரிதானா, குறைச்சுக் காட்டியிருக்காங்களான்னு முடிவு பண்ணணும், அப்ரைசர் சொல்ற மதிப்பு மேலதான் டியூட்டியே, அதாவது இறக்குமதி வரியே விழும், அதனால இம்போர்ட்டர் சும்மா விடமாட்டாங்க. இதுல ஆறு வருஷம் இருந்தவங்கள 1928ல ஜனாதிபதி கூலிட்ஜ் நாமினேட் பண்ணா, ஜட்ஜா இருந்த அனுபவம் இல்லன்னு செனட்ல சிலர் எதிர்த்தாங்க. டியூட்டி கேஸ் கேக்கற கோர்ட்டுக்கு இத விட வேற என்ன அனுபவம் வேணும்? மே 25 செனட் ஒத்துக்கிச்சு.

அந்த கோர்ட்ல என்ன பெருசா நடக்கும்னு கேப்பீங்க. அதே கோர்ட்தான் 1980ல கோர்ட் ஆஃப் இன்டர்நேஷனல் டிரேடுன்னு மாறிச்சு, அங்க 2003ல ஒரு கேஸ். மார்வெல் கதாபாத்திர பொம்மைங்க, மனுஷ உருவம்னா 12% டியூட்டி, மனுஷன் இல்லாத வேற ஜந்துன்னா 6.8%. ஜட்ஜ் ஜூடித் பார்சிலே ஒவ்வொரு பொம்மையோட நகம், இறக்கை எல்லாம் பாத்து இது மனுஷன் இல்லன்னு தீர்ப்பு சொன்னாங்க, அத இறக்குமதி பண்ண கம்பெனி ஜெயிச்சுது. சின்ன விஷயம் மாதிரி தெரியும், கன்டெய்னர் கணக்குல பெருக்கிப் பாத்தா எவ்ளோ காசுன்னு எங்க தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும்.

கஸ்டம்ஸ் கோர்ட்டுக்கு முழு அரசியலமைப்பு அந்தஸ்து, அதாவது மத்த ஃபெடரல் கோர்ட்டுங்களுக்கு சமமான நிலை, 1956லதான் வந்துச்சு, க்ளைன் ரிட்டயர் ஆனது 1953ல, அதனால அவங்கள கணக்குல சேக்கக் கூடாதுன்னு வாதாடறவங்க இருக்காங்க. எனக்கு அது ஒப்புக்க முடியல. ஜனாதிபதி நாமினேட் பண்ணி, செனட் உறுதிப்படுத்தி, ஒரு ஃபெடரல் கோர்ட்ல 25 வருஷம் தீர்ப்பு எழுதியிருக்காங்க, கோர்ட்டுக்கு அந்தஸ்து லேட்டா வந்ததுக்கு அந்தம்மா என்ன பண்ணுவாங்க.