ஆன்லைன் பலகையில் எழுதுவது யார்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: "ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் 3 நாள் ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் மகளிர் குழுக்களுக்குப் பட்டறையும் நடத்துகிறேன். முன்பு கூகுளின் ஆன்லைன் பலகையான ஜாம்போர்டு வைத்திருந்தேன், இப்போது வேறு பலகை. நான் எழுதுகிறேன், அவர்கள் பார்க்கிறார்கள். பாதிப் பேர் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். பெரும்பாலானோரிடம் போன்தான் இருக்கிறது. பலகையை இன்னும் உருப்படியாக எப்படிப் பயன்படுத்துவது?"

டீச்சர், "நான் எழுதுகிறேன், அவர்கள் பார்க்கிறார்கள்" என்ற அந்த ஒரு வரியைத்தான் முதலில் மாற்ற வேண்டும். வகுப்பறைக் கரும்பலகையில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் எழுத முடியும். ஆன்லைன் பலகையில் முப்பது பேரும் ஒரே சமயத்தில் எழுதலாம், நகர்த்தலாம், ஒட்டலாம். அந்த வசதியை விட்டுவிட்டு நாம் மட்டும் எழுதிக்கொண்டிருந்தால், எதிர்முனையில் இருப்பவர் போனை வைத்துவிட்டு எழுந்து போகத்தான் செய்வார்.

அதற்காக வெறும் பலகையைத் திறந்து "எல்லாரும் எழுதுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். புதுச்சேரியில் ஆசிரியர்களுக்கு நான் நடத்திய முதல் ஆன்லைன் பட்டறையில் அப்படித்தான் செய்தேன். ஐந்து நிமிடத்தில் கிறுக்கல் மேல் கிறுக்கல். யாரோ தெரியாமல் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து இழுத்துவிட, நான் ஒட்டியிருந்த படங்களெல்லாம் எங்கோ மூலைக்குப் போய்விட்டன. அன்றிலிருந்து இரண்டு வேலைகளை வகுப்புக்கு முன்பே முடித்துவிடுவேன். கட்டங்கள், தலைப்புகள், பின்னணிப் படம் எல்லாவற்றையும் வைத்து, யாரும் நகர்த்த முடியாதபடி லாக் செய்துவிடுவேன். அப்புறம் ஒவ்வொருவர் பெயரையும் போட்டு ஆளுக்கொரு கட்டம் ஒதுக்குவேன். காலியாக இருக்கும் தன் கட்டத்தைப் பார்த்ததும் பிள்ளைக்கே கை பரபரக்கும்.

ஒரு வகுப்பை விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கும் பக்கத்து ஊர் விஷயம்தான். புதுச்சேரி அருகே இருந்த பழங்காலத் துறைமுகமான அரிக்கமேடு பற்றிய பாடம். பலகையில் மூன்று பகுதிகள்: "கப்பலில் வந்தது", "இங்கேயே செய்தது", "சந்தேகம்". கீழே நான்கு படங்கள்: ரோமானியர் மது, எண்ணெய் கொண்டுவந்த ஆம்போரா சாடியின் துண்டு, இத்தாலியின் சிவப்பு மெருகுப் பாண்டம், கண்ணாடி மணிகள், உட்புறம் புள்ளி வரிசைகள் வட்டமாக ஓடும் ரௌலட்டட் தட்டு. பிள்ளைகள் படத்தை நகர்த்தி, "ஏன்?" என்று ஒரு வரி எழுதி ஒட்ட வேண்டும். மணிகளை அரிக்கமேட்டிலேயே செய்தார்கள் என்று பலர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ரௌலட்டட் தட்டைத்தான் கிட்டத்தட்ட எல்லாரும் கப்பலில் ஏற்றுவார்கள். 1945-ல் அங்கே அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலரும் அதை மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த பாண்டமாகத்தான் கருதினார். பின்னாளில் களிமண்ணைச் சோதித்தபோதுதான் அது இந்தியாவிலேயே செய்தது என்று தெரிந்தது. இதைச் சொல்லி முடித்ததும் ஒரு பிள்ளையை விட்டே தட்டை அடுத்த பகுதிக்கு நகர்த்தச் சொல்லுங்கள். எல்லார் கண் முன்னாலும் அது மெல்ல நகர்ந்து போகும். பெரிய அறிஞரின் முடிவும் ஆதாரம் கிடைத்தால் மாறும் என்பதைப் பத்து நிமிடம் பேசி விளக்குவதைவிட, அந்த ஒரு நகர்வு பிள்ளைகள் மனதில் ஆழமாகப் பதிகிறது.

கணக்குக்கு வேறு வழி. 1/2 + 1/3 = 2/5 என்று தவறாகப் போட்ட கணக்கைப் பெரிதாக எழுதி வையுங்கள். எந்த இடத்தில் சறுக்கியது என்று ஒவ்வொருவரும் வட்டமிட வேண்டும். பக்கத்தில் ஒரு செவ்வகத்தை 6 பங்காகப் பிரித்து, பாதியையும் மூன்றில் ஒன்றையும் வண்ணமடிக்கச் சொல்லுங்கள். 5 பங்கு நிறைந்ததும் விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மகளிர் குழுப் பட்டறைக்கு வரைபடம் நன்றாக எடுபடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அடுத்து சாத்தனூர் அணை நீரால் தென்பெண்ணை பெருகி உங்கள் மாவட்டத்துக் கரையோர ஊர்கள் மூழ்கியதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஊர் வரைபடத்தைப் படமாக ஒட்டி லாக் செய்துவிட்டு, தண்ணீர் நின்ற தெருவுக்கு நீலக் கோடு, வெளியேறிய வழிக்குச் சிவப்புக் கோடு போடச் சொல்லுங்கள். வாய் திறக்கவே தயங்குபவர்கூடத் தன் தெருவில் கோடு போடுவார், பேச்சு அங்கிருந்து தானாகக் கிளம்பும். வீட்டு எண்ணும் போன் எண்ணும் மட்டும் பலகையில் வேண்டாம். லிங்க் கைமாறினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

யோசனை திரட்டும்போது நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு பேரே நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். அதற்கு 6-3-5 என்றொரு முறை உண்டு: 6 பேர், ஆளுக்கு 3 யோசனை, 5 நிமிடம். யாரும் பேசக்கூடாது. நேரம் முடிந்ததும் அடுத்தவர் கட்டத்துக்கு நகர்ந்து, அங்கிருப்பதைப் படித்துவிட்டு இன்னும் 3 சேர்க்க வேண்டும். ஆறு சுற்று முடிந்தால் 108 யோசனை. உங்கள் பட்டறையில் மூன்று சுற்றே போதும்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். பலகைக்குப் போனதும் மீட்டிங்கின் முகங்கள் திரையிலிருந்து மறைந்துவிடும், குரல் மட்டும் பின்னால் ஓடும். அதனால் செய்ய வேண்டியதைப் பலகையின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். சின்னத் திரையில் படத்தை விரலால் இழுப்பது சில பிள்ளைகளுக்குக் கஷ்டம். அவர்கள் படத்தின் எண்ணைத் தங்கள் கட்டத்தில் எழுதினால் போதும். பெரிய படங்களைக் குவிக்காதீர்கள், நெட் திணறும்.

எந்தப் பலகை என்பது இரண்டாம் பட்சம்தான். எக்ஸ்காலிட்ரா இலவசம், அக்கவுண்ட் இல்லாமலே லிங்க் அனுப்பிச் சேர்ந்து வரையலாம். பிள்ளைகளுக்கு அதையே சொல்வேன். மீரோவின் இலவச அக்கவுண்டில் 3 பலகைகள்தான் திருத்த முடியும், ஆனால் பட்டறைக்குத் தேவையான ஒட்டுத்தாள் வசதி அதில் நன்றாக இருக்கும்.

ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் பலகையைப் படமாக இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31-ல் மூடப்பட்டது உங்களுக்கே தெரியும். எக்ஸ்காலிட்ராவில் நீங்கள் வரைவது உங்கள் பிரவுசரில்தான் இருக்கிறது. பிரவுசரின் தரவை அழித்தால் பலகையும் போய்விடும். அதனால் பலகையின் ஃபைலையும் தனியாகச் சேமித்து வையுங்கள்.