ஒரே மைக்ல எல்லாம் முடியுமா?

கேள்வி: பாட்டு, கிட்டார், எப்பவாவது டிரம்ஸ்னு எல்லாத்துக்கும் ஒரே லார்ஜ் டயாஃப்ரம் கண்டென்சர் மைக் (பெரிய சவ்வு வச்ச, மின்சாரம் வேணுங்கிற ஸ்டுடியோ மைக்) வாங்கலாம்னு இருக்கேன். எதை வச்சு நல்லது கெட்டது பாக்குறது?

பதில்: முடியும்ங்க, ஆனா பேட்டர்ன், அதாவது மைக் எந்தப் பக்கத்துச் சத்தத்தை எடுக்கும்ங்கறதை, மாத்துற வசதி இருக்கணும். 1967ல வந்த நியூமன் யூ 87 மைக்லயே கார்டியாய்ட் (முக்கியமா முன்பக்கம்), ஓம்னி (எல்லாப் பக்கமும்), ஃபிகர் எய்ட் (முன்னும் பின்னும்)னு மூணு இருந்துச்சு, அது இத்தனை வருஷம் ஸ்டுடியோக்கள்ல நின்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கடையில ரெண்டு வார்த்தை "ஹலோ ஹலோ"ன்னு பேசிப் பாக்குறது டெஸ்ட்டே இல்ல. கார்டியாய்ட்ல வச்சு ஒரு ஜாண் தூரத்துல பாடுங்க, அப்புறம் நாலு விரல் அளவுக்குக் கிட்ட வந்து அதே வரியைப் பாடுங்க, குரல்ல அடிப்பக்கம் கனம் ஏறும், அது இதமா இருக்கா இல்ல பானைக்குள்ள பேசுற மாதிரி இருக்கான்னு கேளுங்க. அடுத்து பக்கவாட்டுல நகந்துகிட்டே பாடுங்க, சத்தம் குறையலாம், ஆனா குரலோட நிறமே மாறினா எனக்கு அந்த மைக் வேணாம். ச, ஸ வர்ற வார்த்தை காதுல குத்துதான்னும் பாருங்க, முதல்ல பளிச்சுனு தெரியுற மைக்தான் பத்து டிராக் அடுக்கினதும் தலைவலி குடுக்கும்.

டிரம்ஸுக்கு, பெரிய சத்தத்தை மைக்லயே குறைக்கிற 10 டெசிபல் பேட் இருந்தா நல்லது. மெல்லிசான கிட்டாருக்கு செல்ஃப் நாய்ஸ், அதாவது மைக் தானா போடுற இரைச்சல், முக்கியம், அது 12 டிபிஏவோ அதுக்குக் கீழயோ இருந்தா கவலையில்ல. மைக்கை கம்ப்யூட்டரோட இணைக்கிற உங்க இன்டர்ஃபேஸ்ல, மைக்குக்கு வேண்டிய மின்சாரத்தை கேபிள் வழியாவே குடுக்குற 48 வோல்ட் ஃபேண்டம் பவர் இருக்குல்ல? அத மொதல்ல பாத்துடுங்க.